குட்டைத் தண்ணீர் 60.5 டிகிரி: ரேடியோவுக்காகப் பிராசசர் நின்ற கதை, ஒரு நிகழ்வு ஆய்வு

ராத்திரி இரண்டரை மணிக்குப் பரங்கிப்பேட்டையிலிருந்து போன். "தம்பி, உன் பொட்டி 60 டிகிரின்னு மெசேஜ் அனுப்புது. எழுந்து போய்க் குட்டையில கைய வச்சுப் பார்த்துட்டேன், ஜில்லுனுதான் இருக்கு. இறாலுக்கு ஒண்ணும் இல்ல. காய்ச்சல் உன் பொட்டிக்குத்தான்."

வெள்ளாற்றை ஒட்டி நான்கு குட்டைகளில் வனாமி இறால் வளர்ப்பவர் அவர். நானும், வேலை பழக வந்த டிப்ளமோ பையன் ஒருவனும் கடலூர் மஞ்சக்குப்பத்தில் வைத்திருக்கும் சின்னப் பட்டறையிலிருந்து போனவைதான் அந்தப் பெட்டிகள். குட்டைக்கு ஒன்று. மூங்கில் கம்பில் கட்டிய பிளாஸ்டிக் பெட்டி, அதிலிருந்து தண்ணீருக்குள் இறங்கும் கேபிள், நுனியில் ஸ்டீல் குழாய்க்குள் அடைத்த டிஎஸ்18பி20 வெப்பநிலை சென்சார். பத்து விநாடிக்கு ஒருமுறை அளந்து, மோட்டார் கொட்டகையில் இருக்கும் கேட்வேக்கு (எல்லாப் பெட்டியின் அளவையும் வாங்கிச் சேர்க்கும் கருவி) புளூடூத் வழியாக அனுப்பும். 33 டிகிரியைத் தாண்டினால் கேட்வே அவர் போனுக்குச் செய்தி தட்டிவிடும்.

வெப்பநிலைக்கு ஏன் இவ்வளவு மெனக்கெடல் என்று கேட்கலாம். வனாமிக்கு 23 முதல் 30 டிகிரி வரைதான் சௌகரியம். தண்ணீர் குளிர்ந்தால் தீனி எடுப்பது குறையும். போட்ட தீவனம் அடியில் தங்கி அழுகும், அம்மோனியா ஏறும். தீவனத்தைக் கூட்டுவதா குறைப்பதா என்று முடிவெடுக்க அவர் பார்ப்பது இரண்டு: செக் ட்ரேயில் (சோதனைக்காகத் தீவனம் வைத்துக் குட்டையில் இறக்கும் தட்டு) மிச்சம் இருக்கும் தீவனம், தண்ணீரின் சூடு. பெட்டி ஒரு டிகிரி கூட்டிச் சொன்னாலே கணக்கு மாறும். 60 என்று சொன்னால் சிரித்துவிட்டுப் போகலாம். 29.5 என்று பொய் சொன்னால்தான் ஆபத்து. அதுவும் நடந்துகொண்டிருந்தது என்பது பின்னால்தான் தெரிந்தது.

முதல் இரண்டு வாரம் வீண். உப்புக் காற்று, ஈரம், பக்கத்தில் தண்ணீருக்குக் காற்றேற்றும் ஏரேட்டர் மோட்டார் என்று சந்தேகப்பட ஆட்களுக்குப் பஞ்சமில்லை. கேபிளை மாற்றினேன். சென்சாரின் காலடியில் கெபாசிட்டர் போட்டேன். சென்சார் கம்பியை மேல் மின்னழுத்தத்தில் நிறுத்தி வைக்கும் 4.7 கிலோ ஓம் புல்-அப் ரெசிஸ்டரை 2.2 ஆக்கினேன். சென்னை ரிச்சி தெருவில் புதுச் சென்சார் பத்து வாங்கிவந்து, நான்கு குட்டையிலும் மாற்றினேன். 60.5 மறுபடி வந்தது. 92.5-உம் வந்தது.

இந்தச் சென்சாரைத் தொட்டவர்களுக்கு 85 டிகிரி என்ற எண் நன்றாகப் பழக்கம். மின்சாரம் விட்டு வந்ததும், அளக்காமலே படித்தால், அது 85 என்றுதான் சொல்லும். 85 வந்திருந்தால் சப்ளையைச் சந்தேகித்திருப்பேன். வந்தது 85 இல்லை.

பையன் கண்டுபிடித்தது

கேட்வேயில் சேர்ந்த பதிவுகளை ஒரு நாள் பையன் தாளில் எடுத்து வைத்துக்கொண்டு பேனாவால் வட்டம் போட்டுக்கொண்டிருந்தான். "அண்ணா, தப்பா வந்தது எல்லாம் ஏறித்தான் இருக்கு. ஒண்ணுகூட இறங்கல."

தண்ணீர் 28.5-இல் நின்ற ராத்திரிகளை மட்டும் எடுத்துப் பார்த்தோம். 29.5 இருந்தது, 30.5 இருந்தது, 60.5, 92.5 இருந்தன. 32.5 இல்லை. 36.5 இல்லை. 44.5 இல்லை. முழு டிகிரியாகக் கூடினால் 1, 2, 32, 64 என்றுதான் கூடுகிறது. 4, 8, 16 கூடுவதே இல்லை.

இங்கேதான் எனக்குத் தூக்கம் கலைந்தது. இந்தச் சென்சார் டிகிரியை 16-ஆல் பெருக்கி, 16 பிட் எண்ணாக, அதாவது பதினாறு 0, 1-களாகத் தருகிறது. 28.5-க்கு எண் 456. அதைப் பிட்டாகப் பிரித்தால் 256, 128, 64, 8. டிகிரிக் கணக்கில் 16, 8, 4, அரை. 4, 8, 16-க்கான பிட்டுகள் முன்பே 1 ஆக இருக்கின்றன. 1, 2, 32, 64-க்கானவை 0. ஆக, 0 ஆக இருக்க வேண்டிய பிட் எப்போதாவது 1 ஆகிறது. 1 ஆக இருக்க வேண்டியது ஒருநாளும் 0 ஆவதில்லை. மதியம் தண்ணீர் 30-க்கு ஏறியதும் 2 கூடும் பிழை நின்றுபோய்விட்டதையும் பதிவில் பார்த்தோம். 30-இல் அந்தப் பிட் 1 ஆகிவிடுகிறதே, அதற்குமேல் கெட என்ன இருக்கிறது?

மோட்டார் இரைச்சல் என்றால் இரண்டு பக்கமும் கெடுக்கும். ஒரே பக்கம் கெடுவதற்குக் காரணம் வேறாக இருக்க வேண்டும்.

இந்தச் சென்சார் பேசும் ஒற்றைக் கம்பி முறை கொஞ்சம் விசித்திரம். கம்பி புல்-அப்பில் எப்போதும் மேலே நிற்கும். ஒரு பிட்டைப் படிக்க, பெட்டிக்குள் இருக்கும் பிராசசர் கம்பியை ஒரு நொடிப்பொழுது கீழே இழுத்து விட வேண்டும். சென்சாரிடம் 0 இருந்தால், அது தன் பங்குக்குக் கம்பியைக் கொஞ்ச நேரம் கீழேயே பிடித்துக்கொள்ளும். 1 இருந்தால் சும்மா இருக்கும், கம்பி தானாக மேலே போகும். இழுக்கத் தொடங்கியதிலிருந்து 15 மைக்ரோவிநாடிக்குள் பிராசசர் எட்டிப் பார்த்துவிட வேண்டும். தாமதமாகப் பார்த்தால், சென்சார் 0 சொல்லி முடித்துக் கையை எடுத்திருக்கும். கம்பி மேலே இருக்கும். பிராசசர் 1 என்று எழுதிக்கொள்ளும்.

அதாவது, தாமதமாக வந்தவன் கண்ணுக்கு எல்லாம் 1. பிராசசர் எங்கோ, எப்போதாவது, தாமதமாகிறது.

இன்னொரு தடயமும் பதிவில் இருந்திருக்க வேண்டும், ஆனால் இல்லை. அதைத் தூக்கிப் போட்டவன் நான். கட்டளை அனுப்பும்போது தாமதம் நேர்ந்தால் சென்சாருக்கு என்ன கேட்டார்கள் என்றே புரியாது, பேசாமல் இருந்துவிடும். எல்லாப் பிட்டும் 1 என்று வரும். அதை டிகிரியாக்கினால் மைனஸ் 0.0625. கடலூர் மாவட்டத்தில் தண்ணீர் உறைவதாவது என்று, மைனஸ் வந்தால் கழித்துவிடு என்று ஒரு வரி எழுதி வைத்திருந்தேன். 125-க்கு மேல் வந்தாலும் அப்படியே. அந்த இரண்டு வரியும் இல்லாதிருந்தால் முதல் நாளே பிடிபட்டிருக்கும்.

ரேடியோ போகும்போது கேட் மூடும்

மறுநாள் ஒரு பெட்டியில் புளூடூத்தை அடியோடு நிறுத்தி, அளவுகளை உள்ளேயே சேமிக்கச் சொல்லி, அதே குட்டையில் ராத்திரி முழுக்க ஓடவிட்டோம். ஏரேட்டர்களும் ஓடின. ஒரு பிழை இல்லை. ஆள் ரேடியோதான்.

சரி, ரேடியோவுக்கான இன்டரப்ட் நடுவில் புகுந்து பிராசசரை இழுத்துக்கொண்டு போகிறது என்று நினைத்தேன். யாரும் முதலில் அப்படித்தான் நினைப்பார்கள். இன்டரப்ட்டுகளை அடைத்துவிட்டு 16 பிட்டையும் படித்தேன். பிழை குறைந்தது, ஆனால் போகவில்லை.

லாஜிக் அனலைசர், அதாவது சிப்பின் கால்கள் (பின்) மேலும் கீழும் போவதைத் திரையில் வரைந்து காட்டும் கருவி, எங்களிடம் இருப்பது மலிவான எட்டுச் சேனல் பெட்டி. இந்த வேலைக்கு அது போதும். பிராசசர் ஒரு பின்னை ஓயாமல் மேலும் கீழும் ஆட்டிக்கொண்டே இருக்கும்படி ஒரு சின்ன நிரல் எழுதினோம், வேறு வேலை எதுவும் கிடையாது. இன்னொரு பின்னில், ரேடியோ தொடங்கும்போதும் முடியும்போதும் ஹார்டுவேரே, பிராசசரைக் கேட்காமல், அடையாளம் போடும்படி இணைத்தோம். திரையில் முதல் கோடு சீப்புப் பல் மாதிரி ஓடிக்கொண்டிருந்தது. 50 மில்லிவிநாடிக்கு ஒருமுறை சீப்பில் பல் இல்லாத இடைவெளி. அந்த இடைவெளியும் இரண்டாவது கோட்டின் ரேடியோ நேரமும் ஓரம் தட்டி ஒன்றாக நின்றன. இன்டரப்ட்டை அடைத்த பிறகும், முன்பே தயாராகி நின்ற பாக்கெட் காற்றில் போனது. போகும்போது பிராசசர் நின்றது. வேறு நிரலுக்குப் போகவில்லை. அப்படியே நின்றது.

50 மில்லிவிநாடி என்பது கேட்வேயோடு நாங்கள் வைத்துக்கொண்ட இணைப்பு இடைவெளி. சொல்ல ஒன்றும் இல்லாவிட்டாலும், நாங்கள் இணைப்பை அமைத்திருந்த விதத்தில் இரு தரப்பும் ஒவ்வொரு இடைவெளியிலும் ஒருமுறை வணக்கம் சொல்லிக்கொள்ள வேண்டும். வெற்றுப் பாக்கெட் 10 பைட், அதாவது 80 பிட். விநாடிக்கு 10 லட்சம் பிட் வேகத்தில் 80 மைக்ரோவிநாடி. கேட்பதற்கு 80, நடுவில் கட்டாய இடைவெளி 150, பதிலுக்கு 80, ஆக 310. எதிராளியின் கடிகாரம் கொஞ்சம் முன்பின்னாக இருக்கும் என்பதால் சற்று முன்கூட்டியே காதைத் திறந்து வைக்கும் நேரம் வேறு.

அப்போதுதான் சிப்பின் கையேட்டை ஒழுங்காகப் படித்தேன். முதல் தலைமுறைப் புளூடூத் சிப் அது, 16 மெகாஹெர்ட்ஸ் பிராசசர். பெயர் இங்கே வேண்டாம், ஏனென்றால் சிப் தன் கையேட்டில் சொன்னபடிதான் நடந்துகொண்டது. ரேடியோ இயங்கும் நேரத்தில் பிராசசர் நிறுத்தி வைக்கப்படும் என்று அச்சடித்தே இருந்தது. படிக்காதவன் நான்.

ஏன் நிறுத்த வேண்டும்? ரேடியோ அனுப்பும் பைட்டுகள் ரேமில் (சிப்பின் தற்காலிக நினைவகம்) இருக்கின்றன. வாங்கும் பைட்டுகளும் ரேமுக்குத்தான் போக வேண்டும். பிராசசரின் மாறிகளும், அது இடைக்காலக் குறிப்புகளை அடுக்கி வைக்கும் ஸ்டாக்கும் அதே ரேமில். ரேமுக்குப் போகும் பாதைதான் மெமரி பஸ். ஒரு பாதையில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் போக முடியும். பிராசசர் காத்திருந்தால் ஒரு கட்டளை தாமதமாகும், அவ்வளவுதான். ரேடியோ காத்திருக்க முடியாது. காற்றில் பாதி போன பாக்கெட்டை நடுவில் நிறுத்தி, இருங்கள் வருகிறேன் என்று சொல்ல வழியில்லை. அடுத்த பைட் நேரத்துக்குக் கையில் இல்லாவிட்டால் பாக்கெட்டே குப்பை.

ரயில்வே கேட்டில் நின்று வேர்த்தவர்களுக்கு இது புதிதில்லை. ரயில் கடப்பது சில விநாடிதான். கேட் மூடியிருப்பது அதைவிட எத்தனையோ மடங்கு. ரயில் நிற்காது என்பதால் மற்றவர்களை முன்கூட்டியே நிறுத்திவிடுகிறார்கள்.

கொஞ்சம் கணக்குத் தெரிந்தவர் இங்கே ஒரு கேள்வி கேட்பார். பைட்டுக்கு 8 மைக்ரோவிநாடி, 16 மெகாஹெர்ட்ஸில் அது 128 கடிகாரச் சுழற்சி. அதில் ஒன்றிரண்டைத்தானே ரேடியோ எடுக்கப் போகிறது, மீதியில் பிராசசர் ஓடக் கூடாதா? ஓடலாம், நடுவில் ஒரு போக்குவரத்துப் போலீஸ் இருந்தால். இருவரும் ஒரே சுழற்சியில் வந்து நின்றால் யார் முதலில், மற்றவர் அதிகபட்சம் எத்தனை சுழற்சி காத்திருப்பார் என்பதை ஹார்டுவேர் உத்தரவாதமாகச் சொல்ல வேண்டும். சராசரியாக 127 சுழற்சி காலியாக இருக்கிறது என்பது ரேடியோவுக்கு ஆறுதல் தராது. மாட்டிக்கொள்ளும் அந்த ஒன்றுதான் அதற்குக் கவலை. அந்த உத்தரவாதம் இல்லாத இடத்தில் கேட்டை முழுசாக மூடிவிடுவதுதான் பத்திரம்.

இப்போது எங்கள் பிழையைக் கணக்கில் வைத்துப் பார்க்கலாம். நான் படித்தது வெப்பநிலைக்கான முதல் இரண்டு பைட்டை மட்டும், 16 பிட். ஒவ்வொரு பிட்டிலும் இழுத்ததிலிருந்து பார்க்கும் வரையான 15 மைக்ரோவிநாடிக்குள் கேட் மூடினால்தான் கெடும். பார்த்து முடித்தபின் மூடினால் கேடில்லை. அடுத்த பிட் கொஞ்சம் தாமதமாகத் தொடங்கும், சென்சார் கவலைப்படாது. ஆக 240 மைக்ரோவிநாடி ஆபத்து நேரம், 50 ஆயிரத்தில். சுமார் 200-இல் ஒன்று. பத்து விநாடிக்கு ஒருமுறை என்றால் நாளைக்கு 8,640 அளவு. அதில் 41 மாட்டும். 28.5-க்கான 16 பிட்டில் 12 பூச்சியம், எனவே 31 தவறான அளவு. பிட்டுக்கு இரண்டோ மூன்றோ. 60.5 இரண்டு மூன்று முறை, 92.5 இரண்டு மூன்று முறை. எங்கள் பதிவும் ஏறக்குறைய இதையே சொன்னது. அதே அளவு எண்ணிக்கையில் 29.5-உம் 30.5-உம், யாருக்கும் சந்தேகம் வராமல், வரைபடத்தில் ஏறி உட்கார்ந்திருந்தன.

பிழை இப்படி அரிதாக இருந்ததுதான் எங்களைச் சுற்றவிட்டது. பட்டறை மேசையில் அரை மணி நேரம் ஓட்டிப் பார்த்தால் பெரும்பாலும் எல்லாம் சரியாகவே தெரியும்.

பழைய பெட்டிக்குச் செய்த வைத்தியம்

முதல் வைத்தியம் நான் ஆரம்பத்திலேயே செய்திருக்க வேண்டியது. சென்சார் ஒன்பது பைட் தருகிறது, கடைசி பைட் சி.ஆர்.சி. அது சரிபார்ப்பதற்கென்றே வருவது. ஒற்றைப் பிட் எங்கே கெட்டாலும் காட்டிக்கொடுத்துவிடும். இரண்டு பைட் போதும் என்று நான் நிறுத்திக்கொண்டேன், இணையத்தில் எடுத்த மாதிரி நிரலும் அப்படித்தான் செய்தது. ஒன்பதையும் படி, பொருந்தாவிட்டால் மறுபடி படி என்று மாற்றினோம். ஏழெட்டு வரி வேலை.

இரண்டாவது, கேட் மூடும் நேரம் பார்த்துக் கிளம்புவது. ரேடியோ தொடங்கப் போகிறது, முடிந்துவிட்டது என்று நிரலுக்குச் சொல்லும் அறிவிப்பு அந்தச் சிப்பின் புளூடூத் மென்பொருளிலேயே இருந்தது. முடிந்தது என்ற அறிவிப்பு வந்த கையோடு சென்சாரைப் படிக்கத் தொடங்கினால், அடுத்த ரேடியோ வர ஏறக்குறைய 50 மில்லிவிநாடி இருக்கிறது. ரீசெட், கட்டளை, 72 பிட் எல்லாம் சேர்த்து ஏழு மில்லிவிநாடிக்குள் முடிந்துவிடும். இடைவெளியை 7.5 மில்லிவிநாடியாக வைத்திருந்தால் இந்த உபாயம் செல்லாது. அந்தத் தலைமுறைப் புளூடூத் அனுமதித்த குறைந்தபட்சம் அதுதான், அங்கே மூச்சுவிட நேரமில்லை.

மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு பரங்கிப்பேட்டை போய், வரப்பில் உட்கார்ந்து நான்கு பெட்டிக்கும் புது நிரல் ஏற்றினோம். பண்ணைக்காரர் டீ வாங்கிக் கொடுத்துவிட்டு, "சூடு எவ்வளவு, 60ஆ?" என்றார்.

புதுச் சிப், புதுத் தப்பு

அடுத்த தொகுப்புப் பெட்டிகளுக்கு என்ஆர்எஃப்52832 என்ற புளூடூத் சிப்புக்கு மாறினோம். 64 மெகாஹெர்ட்ஸ், 64 கே.பி. ரேம். இதில் பாதை ஒன்று இல்லை. ரேம் எட்டுத் துண்டாக, துண்டுக்கு 8 கே.பி.யாகப் பிரிந்திருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் தனி வாசல். பிராசசர் ஒரு வாசலில் நிற்கும்போது ரேடியோ இன்னொரு வாசலில் நுழையலாம், யாரும் யாருக்காகவும் நிற்க வேண்டாம். இருவரும் ஒரே வாசலுக்கு வந்தால் மட்டும் வரிசை உண்டு. அந்த வரிசையும் கையேட்டில் அச்சாகி இருக்கிறது: பிராசசர் முதலில், ரேடியோ அதற்குக் கொஞ்சம் கீழே, பிறகு சிப்பின் மற்ற உறுப்புகள், கடைசிப் பக்கமாக பி.டி.எம். (டிஜிட்டல் மைக்குக்கான உறுப்பு).

பிராசசர் ரேடியோவுக்கு மேலே இருப்பது முதலில் எனக்கு இடித்தது. கணக்குப் போட்டால் சரியாகிவிடுகிறது. 64 மெகாஹெர்ட்ஸில் ஒரு பைட்டுக்கு 512 சுழற்சி. நடுவர் இருக்கும்போது ரேடியோ ஒன்றிரண்டு சுழற்சி காத்திருந்தால் குடி முழுகாது.

பிராசசர் நிற்காவிட்டாலும், பிராசசரை வைத்தே நேரத்தை எண்ணும் பழக்கத்தை இம்முறை விட்டுவிட்டோம். புளூடூத் மென்பொருளின் இன்டரப்ட் இங்கேயும் புகும், எவ்வளவு வேகமான பிராசசராக இருந்தாலும். ஒற்றைக் கம்பிச் சென்சாரை யூ.ஏ.ஆர்.டி. (பைட்டுகளைப் பிட் பிட்டாக, நேரம் தவறாமல் அனுப்பி வாங்கும் ஹார்டுவேர்) வழியாகப் படிப்பது பழைய வித்தை. பின்னை ஓப்பன் டிரெயினாக (கம்பியைக் கீழே இழுக்க மட்டும் முடிகிறபடி) வைத்து, அனுப்பும் கோட்டையும் வாங்கும் கோட்டையும் ஒன்றாகக் கட்டி, 115200 வேகத்தில் எல்லாப் பிட்டும் 1 ஆன ஒரு பைட் அனுப்பினால், அதன் ஸ்டார்ட் பிட் (ஒவ்வொரு பைட்டுக்கும் முன்னால் போகும் 0) கம்பியை 8.7 மைக்ரோவிநாடி கீழே இழுத்து விடுகிறது. அதற்குமேல் கம்பி கீழே இருந்தால் அது சென்சார் பிடித்திருப்பது. திரும்பி வரும் பைட் முழுசாக 1 என்றால் 1, இல்லையென்றால் 0. முதல் பிட்டின் நடுவே பார்ப்பது 13 மைக்ரோவிநாடியில், 15-க்குள் அழகாக விழுகிறது. ரீசெட்டுக்கு 9600 வேகம். 72 பிட்டுக்கு 72 பைட், டி.எம்.ஏ. (பிராசசர் இல்லாமலே ரேமிலிருந்து தரவைச் சுமக்கும் உறுப்பு) எடுத்துக்கொண்டு போய்க் கொடுத்துவிட்டு, வந்ததை ரேமில் வைத்துவிட்டு, முடிந்ததும் பிராசசரைக் கூப்பிடும். அதுவரை பிராசசர் தூங்கலாம்.

எழுதி ஓட்டினேன். சென்சார் பதிலே சொல்லவில்லை. அரை நாள் போனது. அனுப்ப வேண்டிய 72 பைட்டும் ஒரே மாதிரி, மாறவே மாறாது என்பதால் நிரந்தர அட்டவணையாக அறிவித்திருந்தேன். நிரந்தரமானவற்றைக் கம்பைலர் (நிரலைச் சிப்பின் மொழிக்கு மாற்றும் மென்பொருள்) ஃபிளாஷில், அதாவது அழியாத நினைவகத்தில் வைக்கும். இந்தச் சிப்பின் டி.எம்.ஏ.வுக்கு ரேம் மட்டும்தான் எட்டும், ஃபிளாஷுக்குப் பாதை கிடையாது. பிராசசர் போகும் தெருவெல்லாம் டி.எம்.ஏ.வும் போகும் என்று நான் பாட்டுக்கு நினைத்துக்கொண்டேன். அட்டவணையை ரேமுக்கு மாற்றினேன், ஓடியது.

பஸ் காலியாகத்தான் இருந்தது

இதற்குப் பிறகு நடந்தது கொஞ்சம் வெட்கக்கேடு, ஆனால் ஆய்வு என்று எழுத உட்கார்ந்த பிறகு மறைக்க முடியாது.

ஏரேட்டர் நின்றுபோனால் தெரிய வேண்டும் என்று பண்ணைக்காரர் கேட்டார். ராத்திரி ஏரேட்டர் நின்றால் விடிவதற்குள் ஆக்சிஜன் இறங்கிக் குட்டையே போய்விடும். அதன் சத்தத்தைக் கேட்டுக் கண்டுபிடிக்கலாம் என்று பெட்டியில் ஒரு பி.டி.எம். மைக் வைத்தோம். பதிவில் அவ்வப்போது ஒரு துண்டு விட்டுப்போனது. முன்னுரிமைப் பட்டியலில் பி.டி.எம். கடைசிக்குப் பக்கத்தில் இருப்பது எனக்கு மனப்பாடம். ஆகா, மறுபடி பஸ் தகராறு என்று முடிவுகட்டி, எது ரேமில் எங்கே இருக்கும் என்று சொல்லும் லிங்கர் கோப்பைத் திறந்து, மைக்கின் பஃபருக்கு (அதன் தரவு வந்து சேரும் இடம்) மட்டும் 8 கே.பி. துண்டு ஒன்றை ஒதுக்கினேன். ஸ்டாக்குக்கு ஒரு துண்டு, ரேடியோ பாக்கெட்டுகளுக்கு ஒரு துண்டு. இரண்டு நாள் வேலை. ஒரு மாற்றமும் இல்லை.

பையன்தான் கேட்டான்: "அண்ணா, மைக் எவ்வளவு டேட்டா அண்ணா?"

விநாடிக்கு 16 ஆயிரம் ஒலி மாதிரிகள் (சாம்பிள்), தலா 2 பைட், ஆக 32 ஆயிரம் பைட். ஒரு வாசலில் சுழற்சிக்கு 4 பைட் போகலாம். 64 மெகாஹெர்ட்ஸில் விநாடிக்கு 25 கோடி பைட்டுக்கு மேல். கடலூரிலிருந்து புதுச்சேரிக்குக் கிளம்பும் பஸ்ஸில் ஒரே ஒரு ஆளை ஏற்றிவிட்டு, உட்கார இடமில்லை என்று கண்டக்டரிடம் சண்டை போட்டிருக்கிறேன். உண்மைக் காரணம் சாதாரணமானது. ஒரு பஃபர் நிறைந்ததும் அடுத்த பஃபரின் முகவரியைச் சிப்புக்குச் சொல்ல வேண்டும். அதைச் சொல்லும் இடத்திலேயே சத்தத்தை அலசும் கணக்கையும் வைத்திருந்தேன். கணக்கு முடிந்து முகவரி சொல்வதற்குள் மைக் தாண்டிப் போய்விடும். வரிசையை மாற்றினேன், முகவரி முதலில், கணக்கு பிறகு. தீர்ந்தது.

அதற்காகத் துண்டு பிரிப்பது வீண் வேலை என்று சொல்ல வரவில்லை. இதன் அண்ணன் என்ஆர்எஃப்52840-இல் 32 மெகாஹெர்ட்ஸ் வரை ஓடும் எஸ்.பி.ஐ. (மற்ற சிப்புகளோடு பேசும் உறுப்பு) ஒன்று இருக்கிறது. அது அனுப்பும் பஃபர் இருக்கும் ரேம் துண்டையே அதே சுழற்சியில் பிராசசரும் தொட்டால், அனுப்பும் தரவு கெடலாம் என்று தயாரிப்பாளரின் பிழைப் பட்டியலில் 198-ஆம் எண்ணாகப் பதிவாகியிருக்கிறது. அதற்குச் சொல்லும் வழி, அந்த பஃபருக்கென்றே ஒரு ரேம் துண்டை ஒதுக்குவதுதான். அங்கே லிங்கர் வேலை கட்டாயம். அந்தச் சிப்பில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். 256 கே.பி. ரேம் என்று பெருமையாக இருக்கும். அதில் முதல் 64 கே.பி.தான் எட்டு வாசலாகப் பிரிகிறது. மீதி 192 கே.பி.யும் ஒரே வாசல். பெரிய பஃபர்களை இடம் இருக்கிறதே என்று அங்கே குவித்தால் எல்லோரும் ஒரே வரிசையில் நிற்பார்கள்.

ஆர்.பி.2040 சிப்பில் எனக்குப் பிடித்த ஒரு வசதி உண்டு. பஸ்ஸில் எத்தனை முறை போனார்கள், அதில் எத்தனை முறை இன்னொருவரோடு முட்டிக்கொண்டார்கள் என்று எண்ணும் கவுன்டர்கள் அதற்குள்ளேயே இருக்கின்றன. எல்லாச் சிப்பிலும் அப்படி இருந்திருந்தால் என் இரண்டு நாளும் மிஞ்சியிருக்கும்.

புதுப் பெட்டிகளில் மைனஸைக் கழிக்கும் வரி இல்லை. சி.ஆர்.சி. பொருந்தாத ஒவ்வொரு முறையும் ஒன்பது பைட்டையும் கச்சாவாகப் பதிவு செய்கிறோம், எந்தப் பிட் எந்தப் பக்கம் கெட்டது என்று பார்ப்பதற்காக. மூன்று மாதம் நான்கு குட்டையிலும் அந்தக் கோப்பு காலியாகவே கிடந்தது.

வடகிழக்குப் பருவமழை பிடித்த வாரம், மூன்றாம் குட்டையின் கோப்பு மட்டும் நிறையத் தொடங்கியது. திறந்து பார்த்தோம். இந்த முறை 1 ஆக இருக்க வேண்டிய பிட்டுகள் 0 ஆகியிருந்தன. ஏதோ ஒன்று கம்பியைக் கீழே இழுத்துக்கொண்டிருக்கிறது. ரேடியோ பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காமல் நேரே பரங்கிப்பேட்டைக்குப் போய்க் கேபிளைத் தூக்கினோம். கரையோரமாக எலி கடித்திருந்தது, உள்ளே உப்புத் தண்ணீர்.